பக்கத்து வீட்டுக்காரர் வாழ்க!

மளிகைக் கடைக்காரருக்கு மாதத்தின் முதல் வாரம் உண்டு. துணிக்கடைக்குத் தீபாவளி, ஜோசியருக்குக் குருப்பெயர்ச்சி. மரம் வெட்டிக் கொடுப்பவனுக்கு என்ன உண்டு? காலையில் காபியைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு ஒரு மரத்தை வெட்டிப் பார்ப்போமா?" என்று எந்தக் குடும்பத்திலும் பேசிக்கொள்வதில்லை. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு ரம்பம், கொஞ்சம் கயிறு, ஓர் ஏணி, மரமேறத் தெரிந்த மச்சான், வாடகைக் குட்டியானை இவற்றை வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறேன். வாடிக்கையாளர் என்பவர் எங்கே, எப்படி உற்பத்தியாகிறார் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்ட அளவுக்கு எந்த வணிகவியல் பேராசிரியரும் உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

முதலில் விளம்பரம். எங்கள் தொழிலுக்குப் பலகை மாட்டப் பொருத்தமான இடம் மரம்தான். பார்ப்பவருக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் மரத்தில் ஆணியடித்து விளம்பரம் மாட்டினால் 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டுச் சிறை என்று சென்னை மாநகராட்சி 2019-ல் எச்சரித்துவிட்டது. மரத்தை வெட்டுவதற்குக் கூலி வாங்குகிறவன், அதில் ஆணி அடித்ததற்காக உள்ளே போனான் என்றால் சொந்தக்காரர்கள் ஜாமீனுக்குக்கூட வர மாட்டார்கள்.

ஆகவே நோட்டீஸ். பேப்பர் போடும் பையனைப் பிடித்து, தினசரிக்குள் செருகச் சொன்னோம். 'மரம் வெட்ட, கிளை கழிக்க, தென்னை மட்டை எடுக்க' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அதைப் பார்த்து வந்த முதல் அழைப்பு, கிறிஸ்துமஸ் மரம் வாடகைக்குக் கிடைக்குமா என்பது. அடுத்தவர் பழைய தேக்குக் கட்டிலை இரண்டாக அறுத்துத் தர முடியுமா என்றார், சொத்துத் தகராறாம். மிச்ச நோட்டீஸெல்லாம் பேட்டையின் சமையலறை அலமாரிகளில் டப்பாக்களுக்கு அடியில் நன்றாக இருக்கின்றன.

பிறகு வாட்ஸ்அப். அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் "மாடிப்படி ஜன்னலை இடிக்கும் கிளையை வெட்டலாமா?" என்று செயலாளர் ஒரு வரி போட்டால் போதும். கீழ்த்தளம் நிழல் வேண்டும் என்னும். மேல்தளம் வெளிச்சம் வேண்டும் என்னும். நடுத்தளத்தில் ஒருவர் புவி வெப்பமாதல் பற்றி மூன்று வீடியோக்கள் அனுப்புவார். இன்னொருவர் எதையும் படிக்காமல் "குட் மார்னிங்" சொல்லி ரோஜாப்பூ வைப்பார். "பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்வோம்" என்று செயலாளர் முடித்துவைப்பார். பொதுக்குழு கூடுவதற்குள் கிளை தானாகவே ஒடிந்து விழுந்துவிடும். அதை அள்ளிப் போட மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

சரி, தேடிப் போவோம் என்று தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்தபடி நடக்க ஆரம்பித்தேன். அண்ணாந்து பார்த்து நடப்பவனைப் பற்றி நம் சமுதாயத்துக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. செக்யூரிட்டி அண்ணன்கள் எழுந்து நிற்பார்கள். அப்படியும் சில தடயங்கள் கைவசமாயின. காரின் மேல் பழைய மெத்தையைப் போட்டுக் கயிறு கட்டியிருந்தால், மேலே தென்னை இருக்கிறது, மட்டை எடுத்து நாளாகிறது என்று பொருள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் தேங்காய் அளவுக்கு வட்டமாக ஓட்டை இருந்தால் அழைப்புமணியைத் தைரியமாக அழுத்தலாம். தென்னை மாதத்துக்கு ஓர் ஓலை விடும். நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை ஏறி, முற்றிய குலையை இறக்கி, காய்ந்த மட்டையைக் கழித்து, பன்னாடையை உருவி எடுக்க வேண்டும். மற்ற மரங்கள் எங்களுக்குப் போனஸ் என்றால், தென்னை மாதச் சம்பளம்.

தெருவின் எல்லா வீட்டு நிலவரமும் தெரிந்தவர் ஒருவர் உண்டு: இஸ்திரிக்காரர். எந்த வீட்டில் சாக்கடைக்குள் வேர் போயிருக்கிறது, எந்த வீட்டு அம்மா கம்பளிப்பூச்சிக்குப் பயந்து மாடிக்குத் துணி காயப்போடப் போவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நானும் டீ வாங்கிக் கொடுத்துப் பழகினேன். தகவல்கள் கொட்டின; ஆனால் எல்லாமே அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. "உங்க தெருவில் ஒண்ணுமே இல்லையாண்ணே?" என்று கேட்டேன். தலைக்கு மேலிருந்த புங்க மரத்தை ஒருமுறை பார்த்தார். "இந்தத் தெருவுல யாருக்கும் எந்தக் குறையும் இல்ல தம்பி" என்று சொல்லிப் பெட்டியைச் சட்டைமேல் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தார்.

இத்தனையும் அலைந்த பிறகு தெளிந்த உண்மை இதுதான்: எங்களுக்கு வாடிக்கையாளரை அனுப்பிவைப்பவர் மரத்தின் சொந்தக்காரர் அல்லர், அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்.

ஒருநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். "ஒரு மாமரம் வெட்டணும், உடனே வாங்க." போய்ப் பார்த்தால் அவர் வீட்டில் மரம் என்று சொல்ல ஒரு கறிவேப்பிலைச் செடிகூட இல்லை. மதில்சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அதோ, அது. தினம் ஒரு கூடை இலை. கூட்டிக் கூட்டி என் முதுகு போச்சு."

"சார், அது அவங்க வீட்டு மரமாச்சே?"

"மரம் அவங்க வீட்டுது. இலை என் வீட்டுக்குத்தானே வருது?"

பேச்சு கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன அங்கிள், ஆளைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? இது எங்க மாமனார் வெச்ச மரம். போன வருஷம் உங்க பக்கம் விழுந்த மாங்காயையெல்லாம் ஊறுகாய் போட்டீங்களே, அப்போ முதுகு வலிக்கலையா?"

"அது என் வீட்டு மண்ணுல விழுந்ததும்மா."

ஒரு மணி நேரம் கழித்து உடன்பாடு ஏற்பட்டது. இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை மட்டும் எடுப்பது. கூலி ஆளுக்குப் பாதி. நான் கயிற்றை எடுக்கப் போனபோது பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மாங்கா சீசன் முடியட்டும்ப்பா. ஆடி கழிச்சு வா."

ஆடி கழித்துப் போனோம். கிளை இறங்கியது. இறங்கியதும் இரண்டு வீடுகளுக்கும் நடுவே பார்வை திறந்துகொண்டது. பெரியவர் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி பாசியேறி வழிவது அந்த அம்மா கண்ணில் பட்டது. தொட்டிக்கு எங்களால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பின்னால், மூன்றாவது வீட்டு முருங்கைமரம் தம் வீட்டு ஒயரின் மேல் சாய்ந்திருப்பதும் கண்ணில் பட்டது. அந்த வேலையும் எங்களுக்கே வந்தது. ஒரு சண்டையைச் சரியாகக் கவனித்தால் ஒரு தெருவையே பிடித்துவிடலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் தேவைப்படாத நாள் ஒன்று உண்டென்றால், அது புயலுக்கு மறுநாள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தது. குல்மோகரும் தூங்குமூஞ்சியும் தெருவுக்குத் தெரு வேரோடு படுத்துக்கிடந்தன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. ரம்பமும் கையுமாக வெளியே வந்தால் வழிமறித்துக் கையைப் பிடித்து இழுத்தார்கள். "என் வாசலுக்கு முதல்ல வாங்க!" தொழில் தொடங்கிய நாளிலிருந்து நான் கனவு கண்ட காட்சி அது. ஒரே ஒரு சிக்கல். நவம்பர் 8-ஆம் தேதிதான் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். ஊரில் மரம் இருந்தது, ஆள் இருந்தது, அவசரம் இருந்தது. காசு மட்டும் இல்லை. எல்லோரும் மொடமொடப்பாக ஒரு புது 2,000 ரூபாய்த் தாளை நீட்டி, "சில்லறை இருக்கா?" என்றார்கள். இருந்தால் நான் ஏன் மரம் வெட்டுகிறேன்? கேட்டைத் திறக்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் கம்பி வழியாக அரிசி மூட்டை தருகிறேன் என்றார். மச்சான் அதற்கும் சம்மதித்தான், பொன்னி அரிசி.

கிடைத்த வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள நல்ல வேலை செய்ய வேண்டும் என்பார்கள். எங்கள் தொழிலில் அது தற்கொலைக்குச் சமம். பெரிய கிளையை எடுக்கும்போது முதலில் அடியிலிருந்து கால்வாசி அறுக்க வேண்டும். பிறகு ஒரு சாண் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கிளை தன் பாரத்தில் சாயும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். மிஞ்சிய துண்டை, கிளை புறப்படும் இடத்திலுள்ள புடைப்பை விட்டுவிட்டு அறுக்க வேண்டும். அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் வெட்டுவாயை மூடிக்கொண்டு வரும். இப்படி முறையாக வெட்டினால் மரம் சொன்னபடி கேட்கும், பல வருஷத்துக்கு நம் ஞாபகமே வராது. உச்சியை மொட்டையடித்துவிட்டால், அடுத்த மழைக்கே வெட்டின இடத்தில் குச்சி குச்சியாகக் கொத்தாகத் துளிர்க்கும். பிடிமானம் இருக்காது, காற்றடித்தால் முறியும், மறுபடி அழைப்பு வரும். வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது, "மொத்தமா மொட்டை அடிச்சிடுங்க" என்பதைத்தான். வேண்டாம் என்று எடுத்துச் சொல்லி, வரவேண்டிய வருமானத்தை நானே விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் பொறுக்காமல் மச்சான் ஒரு திட்டம் போட்டான். "மாமா, புதுமனைப் புகுவிழாவுல தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா குல்மோகர் கன்னு கொடுக்கச் சொல்லுங்க. மளமளன்னு வளரும், படக்குன்னு முறியும்." தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று அவனை அடக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அரசாங்கமே எங்களுக்காக நீண்டகாலத் திட்டம் போட்டிருக்கிறது. எங்கள் பேட்டையை ஒட்டிய வண்டலூரில் 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார்கள். மாநிலப் பரப்பில் 33 சதவீதத்துக்குப் பச்சை போர்த்துவது இலக்கு.

அதிலிருந்து மரக்கன்று நடும் விழா எங்கே நடந்தாலும் போய்விடுகிறேன். போன முறை ஒரு குடியிருப்போர் சங்கத்தில், ஒரே கன்றைப் பத்துப் பேர் தொட்டபடி போட்டோவுக்கு நின்றார்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். நேர்மேலே மின்கம்பி. இடப்பக்கம் ஒருவர் வீட்டுப் போர்ட்டிகோ, வலப்பக்கம் இன்னொருவருடைய புத்தம்புது சோலார் பலகை. விழா முடிந்ததும் சங்கத் தலைவரிடம் என் கார்டைக் கொடுத்தேன்.

"இது எதுக்குப்பா இப்ப? கன்னு முழங்கால் உசரம்கூட இல்லையே?"

"பத்திரமா வெச்சிருங்க சார். நீங்க மறந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேப்பார்."