வீட்டுக் கச்சேரியில் ரசிகர் படும் பாடு: ஒரு கள ஆய்வு

கர்நாடக இசையை ஆராய்ந்தவர்கள் இதுவரை பாடுகிறவரையே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் பற்றி எந்த லட்சண கிரந்தமும் பேசுவதில்லை. இந்தப் பெருங்குறையைத் தீர்க்க முன்வரும் இவ்வாய்வு, மயிலாப்பூர் தொடங்கி நங்கநல்லூர் வரை சென்னை அடுக்ககக் கூடங்களில் நடக்கும் கச்சேரிகளை மட்டும் தன் எல்லையாகக் கொள்கிறது. சபாக்கள் இதில் சேரா. சபாவில் இருட்டு உண்டு. இருட்டில் எல்லா ரசிகரும் மகா ரசிகரே.

ஆய்வின் கருதுகோள் இது: வீட்டுக் கச்சேரியில் பாடகர் கேட்கப்படுகிறார், ரசிகர் பார்க்கப்படுகிறார்.

இதற்கு வரலாற்று ஆதாரம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். ஒலிபெருக்கி கிடையாது; வீணையோ மெல்லப் பேசுகிற வாத்தியம். கேட்க வந்தவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. அத்தனை பேரும் அசையாமல் இருந்து கேட்டார்கள் என்பது இன்றுவரை பக்தியோடு சொல்லப்படுகிறது. தனம்மாளின் வாசிப்பைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தக் கூடத்தில் ஒருவருக்குத் தொண்டை கமறியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதை யாரும் எழுதவில்லை. பிறகு 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மைக் வந்தது, வரிசை நாற்காலி வந்தது, கேன்டீன் வந்தது. இசை வரலாற்றில் இதைச் சிலர் வளர்ச்சி என்பார்கள், சிலர் வீழ்ச்சி என்பார்கள். ரசிகர் வரலாற்றில் இது விடுதலை.

அந்த விடுதலையைத் தானாகவே துறந்து இன்றைய ரசிகர் மறுபடி கூடத்துக்குள் வருகிறார். வந்ததும் அவர் சந்திப்பது ஆசனப் பிரச்சினை. சோபா சுவரோரம் தள்ளப்பட்டிருக்கும், டீப்பாய் படுக்கையறைக்குப் போயிருக்கும், நடுவே பவானி ஜமக்காளம் விரிந்திருக்கும். பின்வரிசையில் சில பிளாஸ்டிக் நாற்காலிகள். அவை முதியோருக்கு என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஐம்பதுகளின் நடுவில் இருப்பவர் நிலைதான் பரிதாபம். நாற்காலியில் உட்கார்ந்தால் வயதை ஒப்புக்கொண்டதாகும். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது வயது தானே வெளிப்படும். இவ்வகையினர் சுவரில் முதுகு சாய்க்க முடிகிற இடத்தை, மாப்பிள்ளை பார்க்கும் தீவிரத்தோடு தேடுவதைக் களத்தில் காணலாம். சுவரோர இடங்கள் கச்சேரிக்கு அரைமணி முன்பே நிரம்பிவிடுவதற்குச் சங்கீத ஆர்வம் காரணமல்ல.

பாடகர் பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே அமர்த்தப்படுகிறார். அணைத்து வைத்த அந்தக் கறுப்புத் திரை நல்ல கண்ணாடி. கண்ணை மூடி லயித்திருந்தவர் கண்ணைத் திறந்தால் எதிரே தன் முகமே தெரியும், வாய் திறந்த நிலையில். இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பதிவுசெய்ய வேண்டும். ரசனையிலும் கண் மூடும், தூக்கத்திலும் மூடும். ரசனையில் தலை பக்கவாட்டில் ஆடும், தூக்கத்தில் முன்னால் சரியும். முன்னால் சரிந்த தலையைப் பாதிவழியில் பக்கவாட்டுக்குத் திருப்பி மானத்தைக் காத்துக்கொள்ளும் மூத்த ரசிகர்கள் இருக்கிறார்கள். இது பல டிசம்பர் சீசன்களின் சாதகம். எடுத்த எடுப்பில் வராது.

இனி சுருதி. பாடகி ஐந்தரைக் கட்டை என்றால் தம்புராவும் வயலினும் மிருதங்கமும் அந்த ஐந்தரைக்கு வந்து நிற்க வேண்டும். ஏசிக் காற்றில் தோலும் தந்தியும் நிலை மாறும் என்று ஏசி அணைக்கப்படுகிறது. மைக் இல்லாததால் மின்விசிறியின் கடகடப்பும் பாட்டில் கலக்கும் என்று அதுவும் நிற்கிறது. ஆக, வித்வான்களின் சுருதி சேரச் சேர ரசிகர்களின் சட்டை நனைகிறது. இந்த நேரம் பார்த்துத்தான் மிருதங்க வித்வான் சமையலறைப் பக்கம் திரும்பி, “மாமி, கொஞ்சம் ரவை கிடைக்குமா?” என்று கேட்பார். மிருதங்கத்தின் இடதுபக்கத் தொப்பியில் ரவையை நீர்விட்டுப் பிசைந்து அப்பினால்தான் அந்த அடிநாதம் எழும். உள்ளேயிருந்து, “வறுத்ததா, வறுக்காததா?” என்று பதில் கேள்வி வரும். நாத சாஸ்திரத்துக்கும் பாக சாஸ்திரத்துக்கும் இடையிலான உறவை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

ஆலாபனை தொடங்கியதும் கூடம் பரீட்சைக் கூடமாகிறது. சபாவில் ராகம் தெரியாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரின் கைப்பேசியை எட்டிப் பார்க்கலாம். இங்கே பாடகியின் கண் நேரே நம்மேல். ஆபோகியும் ஸ்ரீரஞ்சனியும் நிஷாதம் ஒன்றில்தான் பிரிகின்றன. ஆகவே அனுபவசாலி நிஷாதம் விழும்வரை தலையசைப்பை ஒத்திவைத்து, விழுந்த கணத்தில், முன்பே தெரியும் என்பதுபோல் ‘ஆஹா’ என்பார். பைரவியா மாஞ்சியா என்கிற இடத்தில் இவரும் வாய் திறப்பதில்லை. பெருமூச்சு மட்டும் விடுவார். பெருமூச்சு எந்த ராகத்துக்கும் பொருந்தும்.

தாளம் போடுகிறவர் தனி இனம். சபாவில் பின்வரிசையில் அவர் தொடையில் போடும் தாளத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. வீட்டில் அவர் மிருதங்கத்துக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார். இரண்டு களை ஆதிதாளத்தில், அரை இடம் தள்ளி எடுப்பு உள்ள கிருதியில், அவருடைய வீச்சு மற்றவர்களுடைய தட்டாக இருக்கும். பாடகி கண்ணை மூடிக்கொள்வதை மெய்ம்மறத்தல் என்று பிறர் நினைக்கிறார்கள். தற்காப்பு என்பது இவ்வாய்வின் துணிபு.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுவென்று சில கிருதிகள், பிறகு விஸ்தாரமான பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம், துக்கடா என்று போகும். இதில் சபா ரசிகர் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே இடம் தனி ஆவர்த்தனம். வித்வான் வாசிக்கத் தொடங்கியதும் அவர் எழுந்து போய்விடுவார். மிருதங்கக் கலைஞர்கள் ஆண்டாண்டாக நொந்துகொள்ளும் நியாயமான புகார் இது. வீட்டில் எழுந்தால் நேராக வித்வானைத் தாண்டித்தான் போகவேண்டும். போனாலும் சேருமிடம் படுக்கையறை, அங்கே டீப்பாய் இருக்கிறது. வேறு வழியின்றி உட்கார்ந்து தனியை முழுமையாகக் கேட்ட சிலருக்கு அது பிடித்தும் போயிருக்கிறது. வீட்டுக் கச்சேரி லய உலகத்துக்குச் செய்த உண்மையான தொண்டு இதுதான். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கதவில்லாத இடத்தில் நல்ல ரசிகர்கள் உருவாகிறார்கள்.

சமையலறை பற்றிச் சுருக்கமாக: போண்டாவை நிரவலின்போது எண்ணெயில் போடக்கூடாது. மற்றதெல்லாம் அவரவர் சௌகரியம்.

சம்பாவனைப் பகுதி இன்னும் இருண்ட கண்டமாகவே இருக்கிறது. வெற்றிலை பாக்கு, பழம், நடுவே ஒட்டிய கவர், கவரின்மேல் ஒரு ரூபாய் நாணயம். நாணயம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. கவரின் பருமனை வைத்துப் பின்வரிசை கணக்குப் போடும். புதிய நோட்டா, பழைய நோட்டா என்பதில் பருமன் மாறும் என்பதால் இம்முறையை ஆய்வாளர் ஏற்பதற்கில்லை. இலவசமாகப் பாடவைத்து, “எங்க வீட்டுல பாடினா அவங்களுக்கு ராசி” என்று சொல்கிற வீடுகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுத இவ்வாய்வேட்டின் நடை இடம் தராது.

கடைசியாக, சத்தம் பற்றிய புகாரை முன்கூட்டியே தடுக்க ஒரே உபாயம், புகார் செய்யக்கூடியவரை முன்வரிசையில் உட்கார வைப்பது. அதனால் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அழைப்பு உண்டு, சுவரோர இடமும் உண்டு. தண்ணீர் லாரி வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, மேல்வீட்டு ஈரத்துணி சொட்டுகிறது என்று மாதம் முழுதும் கேட்டு நொந்தவர் அவர். துக்கடா நேரத்தில் அவரிடமிருந்து மடித்த சீட்டு ஒன்று முன்னால் நகர்ந்து வரும். ராஜாஜி எழுதி எம்.எஸ். பாடிப் பரப்பிய ‘குறை ஒன்றும் இல்லை’தான் கேட்டிருப்பார். பாடகி பாடுவார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தச் சமயத்தில் அவரிடம் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேச்செடுத்த வீட்டுக்காரர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.