காப்பிச் சாக்கு ரிசர்வேஷன்

கொல்லிமலையில் டிக்கெட் என்றால் அது பஸ் டிக்கெட்தான். காசு கொடுத்து மேடை நிகழ்ச்சி பார்க்கும் வழக்கம் இன்னும் இங்கே ஏறி வரவில்லை. 70 கொண்டை ஊசி வளைவு. கிளம்பியிருந்தாலும் இருபதாவது வளைவில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

ஆனால் நல்ல இடம் பிடிக்கும் வித்தையில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பயிற்சியைக் கொடுத்ததும் அதே பஸ்தான். காரவள்ளி அடிவாரத்தில் ஏறுகிறவன் ஜன்னலோரம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் அவன் வெளியூர்க்காரன். மலைக்காரன் முன் சீட்டு ஜன்னலில் யார் உட்கார்ந்திருக்கிறார், மதியம் என்ன சாப்பிட்டிருப்பார், இதற்கு முன்னால் மலையேறிய முகமா என்று பார்ப்பான். புது முகத்துக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருவது தைரியமில்லை, அறியாமை. மேடையோ பஸ்ஸோ, நம் சுகம் முன்னால் இருப்பவர் கையில்.

மேடை நிகழ்ச்சி என்று எங்களுக்கு வாய்ப்பது முக்கியமாக இரண்டு. கோயில் நோம்பிக்கு விடியவிடிய நடக்கும் தெருக்கூத்து ஒன்று. ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா இன்னொன்று. இரண்டுக்கும் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாத இடத்தில்தான் இடத்துக்கு அடிதடி அதிகம்.

கூத்து ராத்திரி பத்து மணிக்கு என்றால் ரிசர்வேஷன் மத்தியானம் இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடும். பாய், ஜமுக்காளம், பழைய போர்வை, காப்பிக்கொட்டை வந்த சாக்கு, மிளகு காயப்போடும் படுதா என்று வீட்டில் விரிக்கத் தகுந்ததெல்லாம் மைதானத்துக்கு வந்து சேரும். நாலு மூலைக்கும் கல். கல் கிடைக்காத மூலைக்குச் செருப்பு. இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விரித்த பாயை யாரும் எடுக்கக் கூடாது, ஆனால் மடிக்கலாம். பக்கத்தில் பாய் போட வருகிற ஒவ்வொருவரும் நம் பாயின் ஓரத்தை ஒரு சாண் மடித்துவிட்டுத்தான் தன் பாயைப் போடுவார்கள். ஆறு பேருக்கென்று விரித்த பாய், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இரண்டரை பேருக்கு வந்து நிற்கும். மடிக்க முடியாத பாய் ஒன்றே ஒன்றுதான்: பாட்டி படுத்திருக்கும் பாய். அதனால் நோம்பி நாளில் வீட்டுப் பெரியவர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடிவிடும். “ஆத்தா, நீங்க போயி சித்த நேரம் படுத்திருங்க, காத்து நல்லா வருது” என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மைதானத்தின் நட்டநடுவில் படுக்க வைத்துவிட்டு வருவார்கள். எங்கள் தெருவில் ஒரு ஆத்தா இருந்தார். படுத்த சாக்கில் தூங்கிவிடுவார், கூத்து முடிகிறபோதுதான் எழுவார். எந்தக் கூத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஒருநாளும் மோசமான இடம் அமைந்ததில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் என் மச்சினன் மகள் ஒரு நோம்பிக்கு வந்திருந்தாள். “மாமா, இதுக்கெல்லாம் முன்னாடியே புக் பண்ணணுமா?” என்று கேட்டாள். “பண்ணியாச்சு கண்ணு, உங்க அத்தை மத்தியானமே சாக்குப் போட்டுட்டா” என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்திருக்கக் கூடாது. 2024 செப்டம்பர் 22-ஆம் தேதி கோல்ட்ப்ளே கச்சேரிக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுக்கப்போய், அவள் பட்ட பாட்டைக் குடும்பமே அறியும். நவி மும்பையில் அடுத்த ஜனவரி மாதக் கச்சேரி. டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை. மதியம் பன்னிரண்டு மணிக்கு விற்பனை திறந்ததும் லேப்டாப்பையும் போனையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்திருக்கிறாள். உங்களுக்கு முன்னால் வரிசையில் ஏழு லட்சம் பேர் என்று திரையில் வந்ததாம். எங்கள் மலையின் 14 நாடுகளையும் (ஊர்த்தொகுதியைத்தான் இங்கே நாடு என்போம்) சேர்த்து ஜனத்தொகை 40,000 சொச்சம். அதாவது பதினேழு கொல்லிமலை அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறது, கைக்குழந்தைகள் உள்பட. அந்தக் கூட்டத்தில் கல் வைக்க மூலை ஏது, படுக்கவைக்கப் பாட்டி ஏது? டிக்கெட் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து விரல்தான் தேய்ந்தது.

சரி, கிடைத்தவர்களுக்காவது நிம்மதி உண்டா? 2023 செப்டம்பர் 10-ஆம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி நடந்ததே, அதைக் கேளுங்கள். ஆகஸ்ட் 12-இல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய் அன்றைக்கு நடந்தது. கையில் டிக்கெட்டோடு போன எத்தனையோ பேர் கூட்ட நெரிசலில் உள்ளே நுழையவே முடியாமல் வீடு திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பிவையுங்கள் என்று ரஹ்மானே கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. நெஞ்சம் மறக்காதுதான். இந்த மாதிரிக் கச்சேரிகளில் இடத்துக்குப் பெயரும் சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று வைக்கிறார்கள். பணம் கட்டும்போது நகைக்கடையில் நிற்கிற உணர்வு வரட்டும் என்றுதானோ என்னவோ. நகைக்கடையிலாவது கட்டிய பணத்துக்குப் பொருளைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

முந்தைய தலைமுறை இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. நாடகக் கொட்டகையிலும் டூரிங் டாக்கீஸிலும் தரை, பெஞ்சு, நாற்காலி. உட்காரும் பொருள் எதுவோ அதுவே வகுப்பின் பெயர். தரை டிக்கெட் வாங்கியவனுக்குத் தரை நிச்சயமாகக் கிடைத்தது. அதைத் தீர்ந்துபோய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்தால் பெஞ்சுக்காரனுக்கும் இவனுக்கும் உயரத்தில் வித்தியாசமில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாமல் பாடிய காலம் அது. அவர் குரல் கடைசித் தரை டிக்கெட் வரைக்கும், அதையும் தாண்டிக் கொட்டகைக்கு வெளியே நின்றவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பார்கள். 27 வயதில், 1933-இல் போய்விட்டார் பாவம். அவர் பாட்டுக்கு நாற்காலி வாங்கியவர்கள் காதுக்காக வாங்கியிருக்க மாட்டார்கள், கௌரவத்துக்காகத்தான் வாங்கியிருப்பார்கள்.

கௌரவம் ஒரு பக்கம் கிடக்கட்டும். எங்கே உட்கார்ந்தால் நன்றாகப் பார்க்கலாம் என்பதுதான் கேள்வி. இதில் எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை என் மனைவி ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயம், என்ன கூத்து என்று தெரியாமல் பாய் போடக் கூடாது. இரணியன் கூத்து என்றால் முதல் நாலு வரிசை ஆபத்து. தூண் பிளந்து நரசிம்மம் வெளியே வரும் நேரம், வேஷக்காரருக்கு ஆவேசம் வந்து இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தாலும் நிற்காது. முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஓடி, ஓடுகிற வழியில் யார் மடி இருக்கிறதோ அதை மிதித்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ஓரமாக, முடிந்தால் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் இருப்பது நல்லது. திரௌபதி துகில் என்றால் பெண்கள் பக்கம் நெருக்கம் தாங்காது, அழுகைச் சத்தத்தில் வசனம் கேட்காது. கர்ண மோட்சம் என்றால் கிழக்கு பார்த்து உட்காராதீர்கள். கர்ணன் சாவதற்கும் சூரியன் வருவதற்கும் சரியாக இருக்கும். மகன் போகிற நேரத்தில் அப்பன் வந்து நம் கண்ணில் அடிப்பான்.

இரண்டாவது, குளிர். கீழே இருக்கும் ஊர்களில் முன்னால் இருப்பவரின் தலை மட்டும்தான் மறைக்கும். இங்கே தலைமேல் மஃப்ளர், மஃப்ளர்மேல் துண்டு, அதற்கு மேல் போர்வை. உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குன்று. குன்றுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர் காதால் கூத்துப் பார்க்க வேண்டியதுதான். “ஏனுங்க, கொஞ்சம் தலையைச் சாய்ங்க” என்றால் சாய்ப்பார்கள். சாய்த்தவர்கள் அப்படியே தூங்கி நம் மடியில் விழுவார்கள். தூங்குகிறவர்களைக் கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் விடமாட்டான் என்பது தனிக் கதை. மேடையிலிருந்தே ஊர்ப் பேரோடு, போர்வையின் நிறத்தோடு சொல்லி எழுப்புவான். ஆன்லைனில் வாங்கிய எந்த டைமண்ட் சீட்டுக்கும் இந்தச் சேவை கிடையாது.

இனி என் முடிவான கருத்து. கூத்துக்கு நடுமையம் சரியான இடமே இல்லை. ஹார்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கவாட்டில், வேஷம் கட்டும் கொட்டகையின் தடுப்புப் படுதா காற்றில் விலகும் கோணத்தில் ஒரு இடம் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் ஒரே டிக்கெட்டில், மன்னிக்கவும், ஒரே சாக்கில் இரண்டு நாடகம். மேடையில் துச்சாதனன் தொடை தட்டிக்கொண்டிருப்பான். படுதாவுக்கு உள்ளே பாஞ்சாலி குந்தி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். நாற்பது வயது தாண்டிய ஆம்பிளை. சாயந்தரம் மழித்த மீசை இருந்த இடம் அரிதாரத்துக்கு அடியில் பச்சையாகத் தெரியும். சடை நெஞ்சில் கிடக்கும். முழங்கால் வரைக்கும் புடவையை வழித்துக்கொண்டு, தெரிந்த முகம் நான் என்பதால், “சார், டீ வருமுங்களா?” என்று கேட்பார். திரைத்துணியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, பீடியைத் தரையில் தேய்த்து, மிச்சத்தைக் காதுக்குப் பின்னால் சடைக்குள் செருகிக்கொண்டு எழுவார். துணி விலகும். கிருஷ்ணா என்று கூப்பிடும் குரலில் பெண்கள் பக்கம் மொத்தமும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும். அந்தக் காதோரப் பீடி எனக்குத் தெரியும், தெரிந்தும் என் கண்ணில் தண்ணீர் நிற்காது. அந்த நடிகரின் திறமை எவ்வளவு என்பது நடுமையத்தில் உட்கார்ந்து அழுத என் மனைவிக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. இதைச் சொன்னால், “உங்களுக்குப் பாஞ்சாலி முக்கியமா, பீடி முக்கியமா?” என்கிறாள்.

ஓரி விழாவில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வேலையில்லை. எந்த ஊர் அரசு விழாவானாலும் அமைப்பு ஒன்றுதான். முன்னால் வெள்ளைத் துண்டு போர்த்திய சோபா, அப்புறம் பெயர் எழுதி ஒட்டிய நாற்காலி, அப்புறம் கயிறு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாம். எனக்கு அந்தச் சோபாவின் மீது பொறாமை கிடையாது. அதில் உட்கார்ந்தவர் கொட்டாவி விட முடியாது, சுண்டல் வாங்கித் தின்ன முடியாது, பறையடிக்குக் காலாட்ட முடியாது. எல்லாக் கேமராவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பேச்செல்லாம் முடிந்து அவர்கள் மலர்க்கண்காட்சி பார்க்கக் கிளம்பியதும், குழந்தைகள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஒரு சோபாவுக்கு எட்டு பேராக ஏறிக்கொள்வார்கள். கலைநிகழ்ச்சி சூடு பிடிப்பது அதற்குப் பிறகுதான். ஆடி மாத மூடுபனிக்கு மட்டும் வகுப்பு வித்தியாசம் கிடையாது. அது வந்து நடுவில் இறங்கினால் மேடை காணாமல் போய்விடும். சோபாவுக்கும் சாக்குக்கும் தெரிவது ஒரே வெள்ளைதான்.

விழா எடுக்கப்படுவது யாருக்கு என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் எங்கள் மலையை ஆண்ட ஓரி என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வில் வித்தை இருக்கட்டும், அந்த மனிதன் ரசிகனாக இருந்த விதத்தைப் பாருங்கள். முழவும் யாழும் தூம்புமாகக் கூட்டம் சேர்ந்து தன் புகழைப் பாடியதும் வெட்கப்பட்டுப்போய், மான் கறியும் கள்ளும் பொன்னும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். இன்னொரு பாட்டின்படி, அவன் கொடுத்த பரிசிலும் போட்ட சோறும் அளவு மீறி, பாணர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் அடியோடு மறந்துவிட்டார்கள். ரசிகன் அளவுக்கு மீறிக் கொடுத்தால் கச்சேரியே நின்றுபோகும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா? 35,000 ரூபாய்க்கு டிக்கெட் விற்கிறவர்கள் புறநானூறு 153-ஐ ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

நாங்கள் அளவோடுதான் கொடுப்போம். கூத்துக்கு நடுவே பத்து, இருபது, ஐம்பது. கட்டியங்காரன் வாங்கி, இன்னார் வீட்டு இன்னார் அன்பளிப்பு என்று மைக்கில் பெயர் சொல்வான். மகாபாரதப் போர் அதுவரைக்கும் காத்திருக்கும். அர்ச்சுனன் நாணேற்றி நிற்க, எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் பெயர் மலை முழுக்க எதிரொலிக்கும். ஐம்பது ரூபாய்க்கு இந்தப் புகழ் வேறெங்கே கிடைக்கும்? கூத்தைப் பார்த்து முடித்த பிறகு, பார்த்ததன் தரத்துக்கு ஏற்ப டிக்கெட் வாங்கும் முறை இது. நன்றாக இல்லையென்றால் கை பைக்குள்ளேயே இருக்கும்.

இந்த ஆடிக்கு நீங்களும் வருவதாக இருந்தால் சந்தோஷம். ஒரு போர்வை, ஒரு குடை, ஒரு சாக்கு கொண்டுவாருங்கள். பாட்டி இருந்தால் பாட்டியையும். பஸ்ஸில் யாருக்குப் பின்னால் உட்காரக் கூடாது என்பதைச் சொல்லிவிட்டேன். இடம் போட்டு வைக்கச் சொல்லி மட்டும் எனக்குப் போன் செய்யாதீர்கள். படுதா விலகும் அந்தக் கோணத்தில் ஒரு சாக்குக்குத்தான் இடம் இருக்கிறது.