இலையின் அடிப்பக்கம்: மாடித்தோட்டக் குழுக்களின் காணொளிக் கூட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வு அறிமுகம்

மாடித்தோட்டக்காரர்கள் மூன்று இடங்களில் வாழ்கிறார்கள்: மொட்டைமாடியில், வாட்ஸ்அப் குழுவில், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ஜூமில். முதல் இடத்தைத் தோட்டக்கலைத் துறையே கவனித்துக்கொள்கிறது. மானிய விலையில் 'மாடித்தோட்டத் தளை' கொடுத்து, பையும் தென்னை நார்க்கழிவும் விதையும் கையில் திணித்து அனுப்புகிறது. இரண்டாம் இடத்தைப் பற்றி அதில் சிக்கியவர்களின் குடும்பத்தார் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். மூன்றாம் இடம் மட்டும் ஆய்வுலகின் கண்ணில் படாமல் கிடக்கிறது. இக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். குறை ஒன்றைக் காட்டாமல் ஆய்வைத் தொடங்குவது தமிழ் ஆய்வு மரபும் அன்று.

கூட்டங்களில் பேசப்பட்டவை இவ்வாய்வின் முதன்மை ஆதாரங்கள். கூட்டம் முடிந்தபின் உறுப்பினர்கள் தனித்தனியே போன் போட்டுப் பேசிக்கொண்டவை துணைமை ஆதாரங்கள். நம்பத் தகுந்தவை இரண்டாம் வகையே.

ஆய்வுச் சிக்கல்

குழு என்று ஒன்று இருக்க, கூட்டம் எதற்கு? வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர் வரம்பு 2022-ஆம் ஆண்டில் 256-லிருந்து 512 ஆகி, அவ்வாண்டு முடிவதற்குள் 1,024 ஆனது. ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராதா என்ன? வரும். ஏகப்பட்ட பதில் வரும் என்பதே சிக்கல். மிளகாய்ச் செடியின் இலை சுருண்டுவிட்டது என்று ஒருவர் படம் போடுகிறார். 'வைரஸ்.' 'தண்ணி ஜாஸ்தி.' 'தண்ணி பத்தல.' 'பஞ்சகவ்யா அடிங்க.' 'பிடுங்கிப் போட்டுட்டு வேற வைங்க.' 'சூப்பர்.' கடைசியாகச் சொன்னவர் படத்தைத் திறக்கவில்லை என்பது வெள்ளிடைமலை. ஏனையோர் திறந்தும் பயனில்லை, படத்தில் ஒன்றும் இல்லையாதலால்.

இதைச் சற்று விரித்துரைப்போம். மிளகாயில் இலைப்பேன் ஏறினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். சிலந்திப் பூச்சி ஏறினால் கீழ்நோக்கி வளையும். இலைச்சுருட்டை வைரஸ் என்றால் அதைக் கொண்டுவந்து விட்டது வெள்ளை ஈயாக இருக்கும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. ஆனால் பேனும் சிலந்தியும் ஈயும் இலையின் அடிப்பக்கத்தையே குடியிருப்பாகக் கொண்டவை. இலைப்பேனின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். சிலந்தி அதனினும் சிறிது. தோட்டக்காரரோ நின்றவாக்கில் மேலிருந்து படமெடுக்கிறார். எடுத்த படத்தை வாட்ஸ்அப் நசுக்கி அனுப்புகிறது. 2023-இல் தெளிவு கூடிய படங்களை அனுப்ப வழி வந்தது. எனினும் தெளிவாகத் தெரிவது இலையின் மேற்பக்கம்தான்.

கருதுகோள்

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பழகவே கூட்டம் நடக்கிறது என்று அழைப்புகள் கூறும். இவ்வாய்வு அதை மறுக்கிறது. 'இலையைத் திருப்புங்க' என்று சொல்வதற்காகவே கூட்டம் நடக்கிறது. குழுவில் அதைச் சொல்லலாம். சொன்னால் மறுநாள் இன்னொரு படம் வரும், வேறொரு செடியின் படம். சொன்ன நொடியில் கை நீண்டு இலை திரும்புவது காணொளியில் மட்டுமே நிகழும்.

வரலாற்றுப் பின்னணி

கேமராவை முகத்தின் பக்கம் திருப்பியவர்கள் தோற்றார்கள், பண்டத்தின் பக்கம் திருப்பியவர்கள் வென்றார்கள் என்பதற்கு மேனாட்டுச் சான்றுகள் உள. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் 'பிக்சர்போன்' என்னும் படத்தொலைபேசியைக் காட்டியது. அவ்வாண்டே நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் கட்டணக் கூடங்களும் திறந்தன. மூன்று நிமிடம் முகம் பார்த்துப் பேச 16 டாலர் முதல் 27 டாலர் வரை. 1970-இல் பிட்ஸ்பர்க்கில் அலுவலகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போணியாகவில்லை. தலை வாராமல் போனை எடுக்கும் சுதந்திரத்தை யார்தான் விட்டுக்கொடுப்பார்?

மறுபக்கம், 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ஒரு கேமராவைக் காபிப் பாத்திரத்துக்கு எதிரே வைத்தார்கள். படியேறிப் போய்ப் பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கிறதே என்ற ஆற்றாமையே அதன் தோற்றுவாய். 128-க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. இன்றைய கணக்கில் அது படமே இல்லை. ஆனாலும் 1993-இல் அது இணையத்தில் ஏற, உலகமே பார்த்தது. 2001 ஆகஸ்ட்டில்தான் நிறுத்தினார்கள். பாத்திரத்தை ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழின் இணையப் பதிப்பு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது. முகங்கள் விலைபோகாத சந்தையில் ஒரு காபிப் பாத்திரம் விலைபோயிற்று என்பது நோக்கத்தக்கது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் காணொளிக் கூட்டக் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: பெரிதாகத் தெரியும் முகங்கள் ஓயாமல் நம்மை உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, இருந்த இடத்தை விட்டு நகர முடியாமை, தலையாட்டலையும் சைகையையும் சிரமப்பட்டுச் செய்தும் புரிந்தும் கொள்ள வேண்டிய சுமை. நான்கும் முகத்தைக் கேமராவுக்குக் காட்டி உட்கார்ந்திருப்பதால் வருபவை. பின்பக்கக் கேமராவைப் போட்டு மாடியைச் சுற்றி வருபவருக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. அவருக்கு வரும் களைப்பு மூன்று மாடி ஏறியதால் வருவது.

களம்

நேரம் குறிப்பதே முதல் இடர். சிங்கப்பூரில் அடுக்ககத்து நடைபாதையில் வெண்டை வளர்ப்பவருக்கு நம்மைவிட இரண்டரை மணி முன்னால். துபாய் பால்கனியில் கறிவேப்பிலையோடு மல்லுக்கட்டுபவருக்கு ஒன்றரை மணி பின்னால். அவர்களை விடுங்கள், உள்ளூரில் ஞாயிறு காலை என்றால் கறிக்கடைக்குப் போகணும் என்பார்கள், மாலை என்றால் கல்யாண வரவேற்பு என்பார்கள். எல்லோருக்கும் ஒத்துவருவது இரவு எட்டு மணி. அந்நேரம் மாடியில் இருட்டு. எனவே தமிழகத்து மாடித்தோட்டக் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு கையில் போன், மறு கையில் டார்ச், மூன்றாவது கைக்கு மகன் என்ற அமைப்பில் நடக்கிறது. இலையைத் திருப்புவது அந்த மூன்றாவது கை.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று. மிளகாய்ச் செடிக்காரர் ஓர் அம்மா. கேட்பவர் குழுவின் மூத்தவர்.

"அம்மா, இலையத் திருப்புங்க."

"திருப்பிட்டேனே சார்."

"நீங்க பையத் திருப்பியிருக்கீங்க. இலைய."

"இப்ப?"

"இப்ப உங்க கட்டை விரல் தெரியுது. ரேகை வரைக்கும் தெரியுது."

கேமரா எதைக் கூர்மையாகக் காட்ட வேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்கிறது. அதன் முடிவில் பூச்சிக்கு இடமில்லை. மூத்தவர் தளரவில்லை. "ஒரு வெள்ளைத் தாள் எடுத்துட்டு வாங்க. கொழுந்துக்குக் கீழ புடிச்சு நாலு தட்டுத் தட்டுங்க." தாள் வந்தது, பேரனின் கணக்கு நோட்டிலிருந்து. தட்டினார்கள். மஞ்சளாய், பொடிப் பொடியாய் ஏதோ உதிர்ந்தது. தூசியாகவும் இருக்கலாம். கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. மியூட் போடாதவரின் குக்கர் மட்டும் ஒரு விசில் விட்டது.

"நகருதா?"

"இல்ல சார்... இருங்க... நகருது! சார், நகருது!"

இலைப்பேன். நீல ஒட்டுப்பொறி இரண்டு தொங்கவிடவும், வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலமாக இலைக்கு அடியில் தெளிக்கவும் தீர்ப்பாயிற்று. குழுவில் நாள்கணக்கில் பஞ்சகவ்யாவுக்கும் வைரஸுக்கும் இடையே நடந்த வழக்கு அந்தத் தாளில் முடிந்தது. (பஞ்சகவ்யாக் கட்சியினர் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் அதைப் பரப்பியது பயிரின் வளர்ச்சிக்கும் எதிர்ப்பாற்றலுக்கும். எந்தக் கேள்விக்கும் அதுவே விடை என்று அவர் பெயரால் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.)

பின்னணி மாற்றும் வசதியால் விளையும் கேடு தனியே பேசத்தக்கது. வீட்டின் சுவர் தெரிய வேண்டாம் என்று பனிமலையைப் பின்னால் போட்டுக்கொண்டவர் தம் கத்தரிக்காயைக் கேமராவுக்கு முன் நீட்டுகிறார். மென்பொருளுக்கு மனிதரைத் தெரியும், கத்தரிக்காயைத் தெரியாது. அதையும் பின்னணி என்றே எண்ணி மலைக்குள் கரைத்துவிடுகிறது. "தெரியுதா, துளை தெரியுதா?" என்று கேட்கும் அவர் கையில் காம்பு மட்டும் வந்து வந்து போகிறது. காய்த்துளைப்பான் புழு இதைவிடப் பொறுமையாகத் தின்னும்.

பேச்சு முறைமை

ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்க எவ்வளவு இடைவெளி விடுகிறார் என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2009-இல் வந்தது. அவ்விடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிவினாடி என்பது அதன் முடிவு. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. இருந்திருந்தால் சராசரி கழித்தல் கணக்குக்குப் போயிருக்கும். நம்மில் மற்றவர் முடிக்கும்முன் தொடங்குவதே அக்கறையின் அடையாளம். இதற்கிடையில் ஒலி போய்ச் சேரும் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நலம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மழை மேகம் சூழ்ந்த மொட்டைமாடியின் மொபைல் சிக்னல் அப்பரிந்துரையைப் படித்ததில்லை. விளைவு: நால்வர் ஒரே நேரத்தில் தொடங்குவர், நால்வரும் "நீங்க சொல்லுங்க" என்பர், நால்வரும் மௌனிப்பர், மறுபடி நால்வரும் தொடங்குவர். இவ்வட்டத்தை உடைக்கக் கூட்டம் நடத்துபவருக்கு இருக்கும் ஒரே கருவி எல்லோர் வாயையும் அடைக்கும் பொத்தான். அதை அழுத்தும்போது தம் வாயையும் அடைத்துக்கொண்டு பேசுபவர் உண்டு.

பங்கேற்பாளர் வகைப்பாடு

இதற்கு மேனாட்டார் துணை வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து எட்டு உவமைகளைச் சொல்லிவைத்திருக்கிறார். ஜூம் வருவதற்கு முன்பே ஜூமை வகைப்படுத்திய நூல் அது.

அன்னம் போன்றவர், அவ்வளவு பேச்சிலும் 'மாவுப்பூச்சிக்கு முன்னால எறும்பைக் கவனிங்க' என்ற ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டு வெளியேறுவார். பசு போன்றவர் பதிவைக் கேட்டு வாங்கி நிதானமாக அசைபோடுவார். மண் போன்றவர் உழைத்த அளவுக்குப் பலன் தருவார். பத்து முறை சொன்னால் ஒரு முறை கேமராவை ஆன் செய்வார். கிளி போன்றவர் "சார் சொன்ன மாதிரி" என்று தொடங்கி சார் சொன்னதையே சொல்வார். இல்லிக்குடம், அதாவது ஓட்டைக்குடம், போன மாதம் கேட்டதையே இம்மாதமும் கேட்பவர். ஆடு செடிக்குச் செடி வாய்வைக்கும். நாலு குழுவின் கூட்டத்தில் ஒரே நேரத்தில் இருப்பவர் இவ்வகை. தோட்டக்காரரை ஆடு என்பது பொறுக்க முடியாத வசை என்பதால் பெயர் குறிப்பிடவில்லை. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும்; இவ்வகையினர் வந்தபின் பேச்சு அவருடைய குடியிருப்புச் சங்கத்தின் வழக்குக்குப் போய்விடும். நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் பன்னாடை. கூட்டம் முழுதும் உட்கார்ந்திருந்து, "அந்தம்மா வீட்டு கைப்பிடிச் சுவர்ல விரிசல் விட்டிருக்கு, கவனிச்சீங்களா?" என்பார்.

ஒன்பதாவதாக, உள்ளே வந்து ஒரு சொல்லும் பேசாமல், முகமும் காட்டாமல், கடைசிவரை இருப்பவரைப் பவணந்தியார் சொல்லவில்லை. அவர் தோட்டம்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது.

கால எல்லை

பணம் கட்டாத ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கூகுள் மீட் 60 நிமிடம் தரும். தாராளமாகத் தருவதால் அதில் "கேக்குதா?" என்ற பகுதியும் தாராளமாக நீள்கிறது, எனவே ஜூமே சிறந்தது என்பது இவ்வாய்வின் துணிபு. பொதுச்செய்தி, வாழ்த்து, புது உறுப்பினர் அறிமுகம் எல்லாம் போக, செடிக்கு மிஞ்சும் நேரம் சொற்பம். ஆனால் அறுந்ததும் குழுவில் இன்னொரு இணைப்பு வந்து விழும். முகம் பார்க்க வந்தவர்கள் அதற்குள் சாப்பிடப் போயிருப்பார்கள். திரும்பி வருகிற ஏழெட்டுப் பேரும் ஏதோ ஒரு செடி சாகக் கிடப்பதால் வருபவர்கள். அறுவடைப் படங்கள் மட்டுமே உலவும் குழுவில் அதுவரை காட்டாத, மாடி மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கிய பைகளை அப்போதுதான் காட்டுவார்கள். வேர் அழுகிய தக்காளி, பூவெல்லாம் கொட்டிய பாகல், எதனால் என்றே தெரியாமல் நின்ற முருங்கை. பார்த்தவர் எவரும் 'சூப்பர்' போடுவதில்லை. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்பார் ஒருவர். அடுத்த ஆளும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தம் தொட்டிக்குப் பின்னால் போவார்.

மேலாய்வுக் களங்கள்

செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிப்போர் மரபும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்போர் மரபும் தனித்தனியே ஆராயத்தக்கவை. ஒரே கூட்டத்தில் இரு மரபினரையும் வரவழைக்கும் முயற்சி நடந்து வருகிறது. பிரஷ் மரபினர் எட்டு மணிக்கு வர முடியாது என்கிறார்கள். அவர்கள் அப்போது மாடியில் தேய்த்துக்கொண்டிருப்பார்களாம்.