தொண்டைமான் வகையும் அதியமான் வகையும்: கஞ்சிக்கோட்டுப் பன்றியை முன்வைத்து ஒரு துப்பாக்கி ஆய்வு

தமிழில் துப்பாக்கி பற்றிய முதல் ஆய்வு, துப்பாக்கி பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. செய்தவர் ஒளவையார். அதியமானுக்காகத் தூது போன அவருக்குத் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைச் சுற்றிக் காட்டினான். ஒளவை பார்த்தார், குறிப்பெடுத்தார், அங்கேயே முடிவையும் அறிவித்தார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அதுதான். உன் கருவிகள் பீலி சாத்தி, மாலை போட்டு, நெய் தடவிக் காவலோடு இருக்கின்றன. அதியமானுடையவை எதிரியைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். பாராட்டுப் போலக் காதில் விழுந்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு சுடும் பேச்சு. தொண்டைமானுக்கு எப்போது சுட்டது என்பது பாட்டில் இல்லை.

இந்த இருபாற் பகுப்பை இன்றைய கருவிகளுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்வைக்கு அழகாய், விலை கூடுதலாய், இடுப்பில் செருகத் தோதாய் இருப்பதைத் தொண்டைமான் வகை என்றும், அழகில்லாமல் வேலை மட்டும் பார்ப்பதை அதியமான் வகை என்றும் வைத்துக்கொள்வோம். ஆய்வுக் களம் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோடு. தரவு திரட்டிய இடம் டீக்கடை. மாதிரி அளவு ஒரு பெரியவர், ஒரு மச்சினன், ஒரு காட்டுப்பன்றி. பன்றி முழுமையாக ஒத்துழைக்கவில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோயமுத்தூரிலிருந்து வாளையார் தாண்டிப் பாலக்காடு போகும் சாலையில், புதுச்சேரி கிராமப் பஞ்சாயத்துக்குள் வருகிறது கஞ்சிக்கோடு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி வேறு. கடிதங்கள் சில சமயம் குழம்பும். ஒரு பக்கம் தொழிற்சாலைகள், நடுவில் ரயில்பாதை, மறுபக்கம் மலை. யானை தண்டவாளத்தில் அடிபடுவதால் இந்தப் பாதை செய்தித்தாளில் அடிக்கடி வரும். கேரளத்தின் முதல் காற்றாலைப் பண்ணையை மின்வாரியம் இங்கேதான் நட்டது. 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பது. பாலக்காட்டுக் கணவாயில் மார்கழிக் காற்று எப்படி வீசும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்தக் காற்றில் குறி பார்ப்பவன் முதலில் தன் வேட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் பாதிப் பேர் 'துப்பாக்கி' என்பார்கள், பாதிப் பேர் 'தோக்கு' என்பார்கள். பன்றிக்கு இரண்டும் புரியும்.

முதலில் தொண்டைமான் வகை.

இதற்கு இந்தியாவில் இருக்கும் தலைசிறந்த சான்று 'நிர்பீக்'. 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை வெளியிட்ட ரிவால்வர். பாயிண்ட் 32 குழல், டைட்டானியம் கலந்த உலோகம், எடை ஏறக்குறைய 500 கிராம், அப்போதைய விலை ரூ.1,22,360. பெண்களின் தற்காப்புக்கு என்று அறிவித்தார்கள். கைப்பைக்குள் அடங்கும். அட்டைப் பெட்டியில் கொடுக்கவில்லை. மெரூன் நிறத்தில், நகைக்கடையில் ஆரம் வைத்துக் கொடுப்பார்களே, அப்படி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பீலி சாத்தியதும் மாலை போட்டதும் வெறும் கவிதை வழக்கு என்று நினைத்திருந்த புலவர்கள் அன்றைக்கு எழுந்து நின்றிருக்க வேண்டும்.

அந்தப் பெயர் வந்த வழியை நான் கேலி செய்ய மாட்டேன். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் நிர்பயா. அதன் நிழலில் வைத்த பெயர் நிர்பீக். அந்தப் பெண் ஏறியது பஸ். பஸ்ஸில் போகிறவள் ஒன்றேகால் லட்சத்துக்கு எங்கே போவாள் என்ற கேள்வியை அப்போதே பலர் கேட்டார்கள். பதில் வெல்வெட்டுக்கு அடியில் இருந்திருக்கலாம். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இனித் தோட்டா. பாயிண்ட் 32 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு; ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். நம் நாட்டு ரிவால்வருக்குள் போகும் தோட்டாவின் குலம் 1896இல் அமெரிக்காவில் பிறந்தது. இன்று ஐரோப்பாவில் அதைப் போட்டிகளில் காகிதத்தைச் சுடப் பயன்படுத்துகிறார்கள். காகிதம் இதுவரை யார் மீதும் பாய்ந்ததில்லை. வளர்ந்த ஆண் காட்டுப்பன்றி நூறு கிலோவையும் தாண்டும்; கழுத்துத் தோல் லாரி டயர். சட்டம் சாதாரண ஆளுக்கு 9 எம்.எம். கொடுக்காது, ஆகவே நாட்டில் உரிமத்தோடு இடுப்பில் இருக்கும் அழகெல்லாம் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான்.

இப்படிச் சிறியதை இளப்பமாகப் பேசுவது உலக வழக்கம். ஜேம்ஸ் பாண்டுக்கே இது நடந்தது. பூத்ராய்டு என்ற துப்பாக்கி நிபுணர், பாண்ட் வைத்திருக்கும் பெரெட்டா பெண்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி என்று இயான் ஃப்ளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். ஃப்ளெமிங் பிறகு எழுதிய கதையிலேயே அதைப் பிடுங்கிவிட்டு வால்தர் கொடுத்தார். வாசகர் கடிதத்தால் ஓர் எழுத்தாளர் திருந்தியதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம்.

ஆனால் ஆய்வாளன் தன் கட்சிக்கு எதிரான சான்றையும் வைக்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். சட்டைக்குள் மறையும் சிறிய சரக்கு. அவர் சுடப் பழகியது அந்த இன்னொரு புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். அங்கே அழகு, விலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே வாஞ்சியை எந்த வகையிலும் அடைக்காமல் தனியே விடுகிறேன்.

1967 ஜனவரி 12 சம்பவமும் உண்டு. எம்.ஆர். ராதாவும் எம்.ஜி.ஆரும் ஒரே அறையில் குண்டடிபட்டு, இருவருமே பிழைத்தார்கள். கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரொட்டியானது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் படுத்தபடியே ஜெயித்தார். கைத்துப்பாக்கியின் எட்டும் தூரம் சில பத்து அடிகள் என்று நூல்கள் சொல்கின்றன. ஒரு முழுத் தொகுதி என்று திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது அதியமான் வகை. இதற்கு நான் கான்பூர் போக வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியவரிடமே இருக்கிறது. பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழையும் வாய் அது. பாயிண்ட் 32-ஐப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலம், மூன்று கிலோ கனம். கட்டையில் ஒரு கீறல். அதைச் சைக்கிள் ட்யூப் கிழித்துச் சுற்றியிருக்கிறார். குழலின் நீலம் போய்ச் செம்பழுப்பாகி, தூரத்திலிருந்து பார்த்தால் பம்புசெட் குழாய். ஆயுத பூஜையன்று அதை மண்வெட்டிக்கும் மருந்தடிக்கும் டப்பாவுக்கும் நடுவில் சாத்திச் சந்தனம் வைப்பார். தனி மரியாதை கிடையாது. குடகில் கைல்பொல்து என்று துப்பாக்கிக்கென்றே செப்டம்பரில் ஒரு பண்டிகை உண்டு, பூவெல்லாம் வைப்பார்கள், அங்கே உரிமம் எடுப்பதிலிருந்தும் குடவருக்கு விலக்கு. பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"பூ வெச்சா எல்.ஜி. தோட்டா வெல கொறையுங்களா தம்பி?" என்றார்.

உரிமம் என்றதும் இவ்வகையின் உண்மையான இயக்கமுறைக்கு வந்துவிடுகிறோம். துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959 ஆயுதச் சட்டப்படி ஒரு புத்தகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, புத்தகத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் அந்தப் புத்தகம் வைத்திருக்கத்தானே தவிர பன்றியைச் சுட அல்ல. அது காட்டிலாகா சமாச்சாரம். 2022 மே மாதம் கேரள அமைச்சரவை அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. இப்போது பஞ்சாயத்துத் தலைவர் அனுமதிக்க, உரிமம் உள்ளவர் சுடலாம். சுட்ட பிறகு இறைச்சி மீது மண்ணெண்ணெய் ஊற்றிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஊரே சுற்றி நின்று அந்தக் காட்சியைப் பார்க்கும். யாருக்காக அந்தப் பெருமூச்சு என்பதை இந்த ஆய்வு தோண்டவில்லை.

ஆக, அதியமான் வகையை இயக்கத் தேவையானவை: தோட்டா இரண்டு, காகிதம் பல, மண்ணெண்ணெய் ஒரு கேன், மண்வெட்டி ஒன்று. பன்றிக்குத் தேவையானது குச்சிக்கிழங்கு மட்டும்.

இனி ஒப்பீட்டுச் சோதனை. தொண்டைமான் வகைக்கு என் மச்சினன். கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கிறான்; லேத் வேலையில் கையும், பேச்சில் வாயும் ஓயாது. நகைப்பெட்டியோடு அந்த ரிவால்வர் வாங்கி வைத்திருக்கிறான். ஆபத்து எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. கல்யாண மண்டபங்கள்தான் வந்துகொண்டிருந்தன. சோதனைக்கு அதை எடுத்து வரச் சொன்னேன்.

"மாமா, என்னோட லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள்ளதான் செல்லும். வாளையார் தாண்டினா கேஸு," என்றான்.

ஆகவே செல்போனில் படம் எடுத்து வந்தான். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வெல்வெட் மீது வைத்து ஒன்று, தன் இடுப்போடு சேர்த்து நான்கு. ஆய்வுநெறிப்படி இது குறைதான். ஆனால் யோசித்தால், அந்தத் துப்பாக்கி இதுவரை செய்திருக்கும் வேலை பார்க்கப்படுவது ஒன்றே. அந்த வேலையைப் படமும் அப்படியே செய்கிறது, எடை இல்லாமல், எல்லைச் சிக்கல் இல்லாமல். டீக்கடையில் படம் கைமாறியது. ஒருவர் பெரிதாக்கிப் பார்த்தார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "மோதரத்தோட சேத்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

அதியமான் வகையும் சோதனைக்கு வரவில்லை. தேர்தல் அறிவித்த வாரம் அது. தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். எண்ணி முடியும் வரை திரும்பக் கிடைக்காது. வேட்பாளர்கள் ராத்திரி பத்து மணிக்கு ஓய்கிறார்கள். பன்றி பத்து மணிக்குத்தான் பிரசாரத்துக்குக் கிளம்புகிறது. மலையோர விவசாயிகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் இதைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள்.

அன்று ராத்திரி பதினொன்றே கால் மணிக்குப் பன்றி வந்தது. வேலிக்கு அப்பால் உறுமல், கிழங்கு முறியும் சத்தம். ஆய்வுக்குழு திண்ணையில் கூடியது. மச்சினன் செல்போன் டார்ச்சைப் போட்டான். படத்தைத் தவறுதலாகத் தொட்டுவிட்டதால் வெல்வெட் மீது ரிவால்வர் ஒளிவீசி நின்றது. பெரியவரின் கை சுவரோரம் துப்பாக்கி சாத்தியிருக்கும் மூலைக்குப் போய், அங்கே எதுவும் இல்லாமல், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்போது உள்ளேயிருந்து பெரியவர் வீட்டு அம்மா வந்தார். கையில் பதினைந்து கிலோ எண்ணெய் டின், இன்னொரு கையில் கரண்டி. அடித்த அடியில் மூன்று தெரு விளக்கு எரிந்தது. பன்றி போய்விட்டது. டின்னின் தயாரிப்பு ஆண்டையும் மாடலையும் குறித்துக்கொள்ளக் கேட்டேன்; "போயிப் படுங்க கண்ணு" என்ற பதில் மட்டுமே பதிவாகியிருக்கிறது.

மறுநாள் பெரியவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒப்படைத்த சீட்டில் ஓர் எண் விட்டுப்போயிருந்ததைச் சரிசெய்யப் போனோம் என்று சொல்லிக்கொண்டோம்; ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போவது போலத்தான் இருந்தது. கம்பிக்கு அப்பால் வரிசையாகத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கோத்த அட்டைச் சீட்டு மாலை போலத் தொங்கியது. வாசலில் காவலுக்கு ஆள். சைக்கிள் ட்யூப் சுற்றிய அந்தக் கட்டையைப் பெரியவர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். யாரோ துடைத்து எண்ணெய் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அது அவ்வளவு பளபளப்பாக இருந்து அவர் பார்த்ததில்லையாம்.

சாயங்காலம் கோயமுத்தூரிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். அங்கேயும் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். ரிவால்வரை மட்டும் வாங்கிக்கொண்டு பெட்டி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பெட்டியையாவது வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றால், அதுவும் கையில் இல்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து திறந்து காட்டியதில் கீல் ஒடிந்து, பட்டறையில் கிடக்கிறது.