காற்றைக் கழுவும் மணி பிளான்ட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் புகையையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் புழுதியையும் வடிகட்டும் பொறுப்பு இப்போது டிவி ஸ்டாண்டு மேலிருக்கும் மணி பிளான்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இந்த நியமனத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது நாசாவின் 1989 ஆய்வு. அது காற்றுப் புகாத பெட்டிக்குள் நடந்தது; சோதித்ததும் பென்சீன் போன்ற ஆவிகளை, புழுதியை அல்ல. கொசு தாராளமாகப் புகும் ஆவடி வீட்டில் காற்று மட்டும் புகாதா என்ன? 2019-இல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இத்தகைய சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டுமாம். அப்புறம் வீட்டுக்காரர் வாசலில்தான் படுக்க வேண்டும்.

ஸ்நேக் பிளான்ட் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடுமே என்பார்கள். ராத்திரியில் அது கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமிப்பது உண்மை; ஆக்சிஜன் விடுவது பகல் வெளிச்சத்தில்தான். சரி, கண்ணுக்குக் குளிர்ச்சியாவது மிஞ்சுமே என்றால், அதை மறுப்பதற்கில்லை. அதையும் மிஞ்ச விடாமல் தினம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். வெளிச்சம் குறைந்த மூலையில் மண் காயாது, வேர் மூச்சுத் திணறி அழுகும், இலை மஞ்சளாகும். உடனே தாகம் என்று இன்னொரு சொம்பு. சென்னை வெயிலுக்கு ஊற்றாமல் முடியுமா? மொட்டைமாடிச் செடிக்கு அந்த வாதம் பொருந்தும், ஹாலில் குடியிருப்பதற்கு அல்ல. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். தொட்டியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு, அந்த ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.