அண்ணா சாலையில் கட்டடம் பிடிப்பது எப்படி?

சென்னையின் பழைய கட்டடங்களைப் படமெடுக்க நல்ல கேமரா தேவையில்லை, நல்ல கழுத்து போதும். தரைத்தளம் முழுவதையும் பெயர்ப்பலகைகளுக்கும் ஏ.சி. பெட்டிகளுக்கும் எழுதிக்கொடுத்தாகிவிட்டது. ஆகவே கட்டடக்கலை இங்கே முதல் மாடியில்தான் ஆரம்பம். அண்ணாந்து பாருங்கள். நடந்துகொண்டே அண்ணாந்து பார்க்காதீர்கள். நடைபாதையில் எந்தக் கல் ஆடும் என்பது அதைப் பதித்தவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி உத்தமம். அரசினர் தோட்டம் மெட்ரோ வாசலிலிருந்து ஸ்பென்சர் வரை நடக்கலாம். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி. டிரைபாட் வேண்டாம். அதை விரித்த மறுநிமிடம் நீங்கள் சினிமாக்காரர் ஆகிவிடுவீர்கள், ‘ஹீரோ யாரு?’ என்று கேட்க நாலு பேர் கூடிவிடுவார்கள்.

முதலில் ராஜாஜி மண்டபம். 1802-இல் இதைக் கட்டிமுடித்த ஜான் கோல்டிங்ஹாம் வானியல்காரர். கவர்னர் விருந்து வைக்க மண்டபம் கேட்டார். இவர் அகலமான படிக்கட்டும் தூண்களுமாகக் கிரேக்கக் கோயில் ஒன்றை நிறுத்திவிட்டார். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி மூவரின் உடல்களும் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது இங்கேதான். டி.வி.யில் ஜனவெள்ளத்தோடு மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு ஆளில்லாத படிக்கட்டை எடுத்து அனுப்பினால், எந்த ஊர் என்று கேட்பார்கள்.

அதே வளாகத்தில் முரசு வடிவில் நிற்பது, 2010 மார்ச்சில் சட்டமன்றமும் தலைமைச் செயலகமுமாகத் திறக்கப்பட்ட கட்டடம். திறப்பு விழாவுக்குள் மேல் கோபுரம் தயாராகவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியை அழைத்து செட் போட்டார்கள். விழா முடிந்தது, செட்டும் போனது. 2014-இல் கட்டடமே பல்நோக்கு மருத்துவமனையாகிவிட்டது. ஆகவே, புதுக் கட்டடம்தானே, எங்கே போய்விடும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, செக்யூரிட்டியைக் கையாளும் முறை. எந்த வாசலில் போனை உயர்த்தினாலும் ஒருவர் எழுந்து வருவார்.

“சார், போட்டோ எடுக்கக் கூடாது.”

“ஏண்ணா?”

“பழைய பில்டிங் சார்.”

பக்கத்துக் கண்ணாடி மாளிகையில் கேளுங்கள். “புது பில்டிங் சார்” என்பார். வாதாடாதீர்கள். “அண்ணா, உங்களை ஒண்ணு எடுக்கட்டுமா?” என்று கேளுங்கள். தொப்பியைச் சரிசெய்து, மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, தூணோரம் விறைப்பாக நிற்பார். கையெழுத்திடும் பதிவேட்டைக்கூடப் பின்னால் மறைத்துக்கொள்வார். தூணின் உயரம் படத்தில் விளங்க எப்படியும் ஓர் ஆள் வேண்டும். அது இப்படித்தான் கிடைக்கும்.

இனி கொஞ்சம் நின்று எடுக்கவேண்டிய இடம், பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி கட்டியது. மருந்துக் கடைக்கு எதற்கு மினார் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் கடையும் அரண்மனை மாதிரிதான் இருக்கவேண்டும். சிவப்புச் செங்கல், வளைவுகள், உச்சியில் கூர்முனைகள், நடுவே யாரும் விதைக்காமல் முளைத்த செடிகள். இதைக் கலரில் எடுக்காதீர்கள். கலரில் எடுத்தால் அலட்சியம் அலட்சியமாகவே தெரியும். கறுப்பு வெள்ளையில் போட்டால் அது கலையாகிவிடும், லைக்கும் கூடும்.

இங்கிருந்து கொஞ்சம் நடந்தால் எல்.ஐ.சி. கட்டடம். கிராமத்துக் கதாநாயகன் பட்டணம் வந்திறங்கினால் முதலில் சென்ட்ரலையும் அடுத்து இதையும் காட்டவேண்டும் என்பது தமிழ் சினிமாவில் எழுதாத சட்டம். 177 அடி. கிட்டே நின்று போனைச் சாய்த்து எடுத்தால் கட்டடம் மல்லாந்து விழுவதுபோல வரும். எதிர்ப்பக்கம் போய், போனை நேராகப் பிடித்து, கீழே தேவையில்லாத சாலையைப் பிறகு வெட்டிவிடுங்கள். சாலை நடுவே மீடியனில் ஏறி எடுக்க ஆசை வரும். அப்படி எடுத்தால் மறுநாள் பேப்பரில் உங்கள் படம்தான் வரும்.

சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்காக இதைத் தொடங்கியது 1953-இல். 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது, 1959-இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறந்தார்கள். அதே அரசுடைமையில்தான் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. ஒரே சட்டத்தில் வந்துசேர்ந்த இரண்டு பிள்ளைகள். மூத்ததை 2006-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். மரபுக் கட்டடங்களுக்காகப் பாடுபடும் இன்டாக் நீதிமன்றம் போக, வேலை நின்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பதிவிடும்போது ‘பழமையும் புதுமையும் கைகோக்கும் சென்னை’ என்று எழுதுவது மரபு. கைதான் கோத்திருக்கிறதா, கழுத்தில் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

‘இந்தோ-சாராசனிக்’ என்ற சொல்லையும் கைவசம் வைத்திருங்கள். கும்மட்டம் இருந்தால் தயங்காமல் போடலாம். கும்மட்டம் இல்லாவிட்டால் ‘காலனி காலத்து’. மூலை வளைந்திருந்தால் ‘ஆர்ட் டெக்கோ’. இந்த மூன்றுக்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

கட்டடத்துக்குள்ளே போய் எடுக்கவேண்டும் என்றால் இரண்டு இடம் சொல்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போகாதீர்கள். ஒன்று, அண்ணா சாலை தபால் நிலைய வளாகம்: 1913-இல் எலக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயரில் ஊமைப் படம் ஓட்டிய கொட்டகை, இப்போது தபால்தலை சேகரிப்போருக்கான இடம். இன்னொன்று, 1904-இல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸ். உயரமான கூரை, பழைய தரை. படம் எடுத்தால் ஒரு புத்தகமும் வாங்குங்கள், சும்மா வராதீர்கள்.

ஸ்பென்சர் பிளாசாவில் நடை முடிகிறது. இங்கே நின்ற பழைய ஸ்பென்சர் கட்டடம் எண்பதுகளில் எரிந்துபோனது. அதன் இடத்தில் எழுந்த இந்தப் பிளாசாவை, மால் என்ற சொல்லே புதிதாயிருந்த தொண்ணூறுகளில் ஊரே திரண்டுவந்து வேடிக்கை பார்த்தது. இப்போது அந்தக் கூட்டம் வேறு மால்களுக்கு நகர்ந்துவிட்டது. போனில் ‘பழசு’, ‘புதுசு’ என்று இரண்டு ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு இதை எதில் போடுவது என்று குழப்பம் வரும். பழசில் போடுங்கள். எதற்கும் நாலு பக்கமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.