இசட் ஊரின் மொய்க்கணக்கு

மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி தரும் முறை எளிமையானது: தலையை எண்ணு, பணத்தைக் கொடு. 50 லட்சம் பேருக்கு மேல் இருந்தால் ஊர் எக்ஸ், 5 லட்சத்துக்கு மேல் ஒய், மிச்சமெல்லாம் இசட். இன்றைய நிலவரப்படி சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரைக்கு 20, ஊட்டிக்கு 10. 2011 கணக்கெடுப்பில் ஊட்டியில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. ஆகவே அங்கே குடியிருப்பது மலிவு என்று டெல்லியில் முடிவாகிவிட்டது. சித்திரை வெயிலுக்குப் பயந்து ஊட்டியில் அறை தேடி அலைந்தவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை போலும்.

ஊர் பெருத்தால் எல்லாமே விலையேறும் என்பது பாதிதான் உண்மை. சோப்புக்கட்டி சென்னையிலும் செங்கோட்டையிலும் ஒரே விலை, உறையிலேயே அச்சடித்திருக்கிறது. கோயம்பேட்டில் லாரி லாரியாகக் கத்தரிக்காய் இறங்குகிற நாளில் சிற்றூர்ச் சந்தையைவிடச் சல்லிசாகக்கூடக் கிடைக்கும். ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் 2013இல் தொடங்கியதும் சென்னையில்தான். பெருநகரத்தில் உண்மையில் ஏறுவது மண்ணின் விலை. அதன்மேல் நிற்பதெல்லாம் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது: வீடு, கடை, கடைக்காரர் ஆற்றித் தரும் காபி. தி.நகரில் டிகாஷனுக்குக் கொடுப்பதைவிட, நின்று குடிக்கும் இரண்டு சதுர அடிக்குத்தான் அதிகம் கொடுக்கிறோம். அந்த மண்ணும் கூட்டத்தால் மட்டும் ஏறுவதில்லை. டோக்கியோவைவிடப் பெரிய ஊர் உலகில் அதிகமில்லை. ஆனால் வீடுகளைத் தாராளமாகக் கட்டவிட்டதால் அங்கே வாடகை வெகுகாலம் அடக்கமாகவே இருந்தது. கட்ட இடமில்லாத மலையிலோ குட்டி ஊர்கூடப் பெருநகர வாடகை கேட்கும்.

மலையை விடுங்கள், சமவெளி இசட் ஊரில் வாடகை மிச்சமாகிறதே என்பீர்கள். ஆகிறது, அப்படியே மொய்க்குப் போகிறது. சென்னை அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. தெரியாதவருக்கு மொய் கிடையாது. சிற்றூரிலோ பால்காரர் வீட்டுக் காதுகுத்து, டீக்கடைக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டு, மேலாளரின் மச்சினர் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சு என்று பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். மொய் மேசையில் ஒருவர் நோட்டை வாங்கி எண்ண, ஒருவர் எழுத, மூன்றாமவர் ஊர், பெயர், தொகையை மைக்கில் வாசிப்பார். அந்த மைக் இருக்கும்வரை இருநூறோடு தப்பிக்க முடியாது.

மொய் செலவல்ல, சேமிப்பு என்று வாதிடுவோர் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைத்துக் கடனை அடைத்தவர்களும் கடை போட்டவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அது ஊரோடு வேர்விட்டவருக்கான வங்கி. மாற்றலில் வந்த குமாஸ்தா மூன்று வருடம் போட்டுவிட்டு, தன் பிள்ளைக்குக் காதுகுத்தும் முன்பே பெட்டியைக் கட்டிவிடுவார். போகிற ஊரில் புது நோட்டு, முதல் பக்கம். அலுவலகத்துக்கு நடந்தே போவதால் மிஞ்சிய பஸ் காசும், பல்வலி வந்தால் மதுரைக்குப் போய்வருவதில் கரைந்துவிடும்.

8வது ஊதியக் குழு எக்ஸ், ஒய், இசட் என்றே பிரித்துக்கொள்ளட்டும். இசட் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஆவணியிலும் தையிலும் சம்பளத்தோடு ஒரு மொய்ப்படி சேர்த்துவிட்டால் போதும். ரசீது கேட்டால் பிரச்சினையில்லை. மைக்கில் வாசித்ததைக் கேட்ட ஊரே சாட்சி சொல்லும்.